மூன்றாவது வாளி

ராயக்கோட்டைச் சந்தையில் விலை போகாத தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்களே, மாடுகள்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போயினவே, அந்தக் கோடைக்கு அடுத்த கோடை. எனக்கு வருஷக் கணக்கு இப்படித்தான் நினைவிருக்கும். தக்காளி நாற்றம் பஸ்ஸுக்குள் வந்தபோது என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கோடையில் அதே பஸ்ஸில் என் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியில் விக்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தது அந்த அடுத்த கோடையில்தான்.

விக்கி என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன். தண்ணீரைப் பற்றி முதலில் சொன்னால்தான் அது விளங்கும்.

நான் வேலை பார்த்தது ஓசூர் சிப்காட்டில், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்றில். முலாம் பூசியதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீரில் உப்பு இருந்தால் காய்ந்த பிறகு சாமான் மேல் வெள்ளைத் திட்டு விழும். மொத்த லோடும் திரும்பி வந்துவிடும். கம்பெனிக்குள் இருந்த போர் வற்றிப்போனதிலிருந்து எல்லாத் தண்ணீரும் டேங்கர் லாரியில்தான் வந்தது. பின் கேட்டில் லாரி வந்து நிற்கும். பைப்பைத் திறந்து ஒரு வாளி பிடிப்பேன். நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நல்ல தண்ணீர் என்றால் தொட்டியில் இறக்கலாம். இல்லையென்றால் லாரி திரும்ப வேண்டும். பதினேழு வருஷம் அதுதான் என் வேலை. தண்ணீரில் முக்கினால் எண் காட்டும் பேனா மாதிரி ஒரு மீட்டரைப் பிறகு கொடுத்தார்கள். ஐந்நூறைத் தாண்டினால் லாரி உள்ளே வரக்கூடாது. மீட்டரை முக்கும் முன்பே நான் எண்ணைச் சொல்லிவிடுவேன். பத்து இருபது முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த நாக்குக்காக என் மனைவி பதினைந்து வருஷம் உப்புக் குறைத்துச் சமைத்தாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவளாகச் செய்தது. ஊறுகாய் வீட்டில் கிடையாது. கருவாடு கிடையாது. அவளுக்கும் அப்படித்தான் சாப்பிடப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இறந்த பிறகு அடுப்படியை ஒழித்தபோது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா இருந்தது. திறந்தால் தூள் உப்பு. எனக்குச் சோறு போட்டுவிட்டு, தன் தட்டில் மட்டும் தூவிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். அது தெரியாமலே பதினைந்து வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மெஸ் சாப்பாடுதான். மெஸ் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கும். ஒரு வருஷத்தில் என் நாக்கு மரத்துப்போனது. மீட்டர் அறுநூறு காட்டும் தண்ணீர் எனக்கு நானூறு மாதிரி தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, மீட்டரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வேன்.

சொல்வதற்கு ஆளும் இல்லை. நான் இருக்கும் லைன் வீட்டில் எட்டு ரூம். ஏழு ரூமில் வடக்கே இருந்து வந்த பையன்கள், ரூமுக்கு ஐந்து பேர். நல்ல பையன்கள். என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். எனக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் வரும். அவர்களுக்கு அந்த மூன்றுமே வராது. மகளைக் கோலார் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். திங்கட்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிறு வரை நான் பேசுவது லாரி டிரைவர்களிடம் மட்டும்தான். அதுவும் "திருப்பு", "இறக்கு" என்று இரண்டு வார்த்தை.

இப்போது விக்கி. கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து இன்ஜினியர் சார் ஒருவர் விளக்கினார்.

"இது ஒரு பொது நோட்டு மாதிரி. யாருக்கு என்ன தெரியுமோ அத எழுதலாம். தப்பா இருந்தா இன்னொருத்தர் திருத்தலாம், அழிக்கலாம். நம்ம பிளான்ட், அத்திப்பள்ளி தாண்டி இருக்கற பிளான்ட், ரெண்டுக்கும் ஒரே நோட்டு."

முலாம் லைனில் வேலை செய்யும் ஒருவர் எழுந்தார். "யாரு வேணா அழிக்கலாமா சார்?"

"அழிக்கலாம்."

"அப்ப புதன்கிழம உப்புமாவ நான் அழிச்சிர்றேன் சார். மொத வேல அதான்."

உள்ளேயிருந்து கேன்டீன் மேஸ்திரி கத்தினார். "அழி அழி. வியாழக்கிழம உன் தட்ட நான் அழிக்கிறேன்!"

சிரிப்பு அடங்கியதும் சார் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, தண்ணி லாரியப் பத்தி உங்க தலைக்குள்ள இருக்கறதெல்லாம் இதுல வரணும். நீங்க ஒரு நாள் லீவு போட்டா பின் கேட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

"எனக்கு எழுத வராதுங்க சார்."

"பேச வருமில்ல? மைக் படத்த அமுக்கிட்டுப் பேசுங்க. அது எழுதிக்கும்."

உப்புமாக்காரர் விடவில்லை. "தாத்தாகிட்ட மைக்கக் குடுத்தா, ஷிப்டு முடிஞ்சாலும் பேசிக்கினே இருக்கும் சார்!"

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது பஸ் போர்டைப் பார்த்து. இருபது வயதில் தர்மபுரி பஸ் என்று நினைத்து பெங்களூர் பஸ்ஸில் ஏறி அவமானப்பட்ட பிறகு, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு போர்டையும் கண்டக்டர் கத்தும் ஊரோடு பொருத்திப் பார்த்துக் கற்றேன். ராயக்கோட்டையில் ரா. கிருஷ்ணகிரியில் கி. கன்னட போர்டும் அப்படித்தான். மெதுவாகப் படிப்பேன். எழுத மட்டும் கை ஓடாது. இதைக்கூட நான் போனில் பேசப் பேச, பஸ் ஸ்டாண்ட் பக்கம் டைப் அடிக்கிற கடைக்காரர் ஒருவர் புத்தகத் தமிழாக்கித் தருகிறார்.

பின் கேட்டில் ஆணி அடித்து, பிளாஸ்டிக் உறை போட்ட, பெரிய போன் மாதிரி ஒரு டேப்பைத் தொங்கவிட்டார்கள். முதல் நாள் நான் சொன்னது இதுதான்: "பாகலூர் ரோட்டு போர். நல்ல தண்ணி. சித்திரையில கொஞ்சம் உப்பு கனக்கும்." நான் பேசியது எழுத்தாக வந்து நின்றது. அதன் கீழே என் பேர் வரவில்லை, ஆள் நம்பர்தான் வந்தது. அந்த நோட்டில் எல்லாருமே நம்பர்தான்.

மூன்றாம் நாள் பார்த்தால் என் வரிக்குக் கீழே இன்னொரு வரி. "மழ பெஞ்ச மறுநாள் இதே போர்ல மண்ணு வருது. பாத்து எடுங்க." அத்திப்பள்ளி பிளான்ட் ஆள். நம்பரின் கடைசியில் நாற்பத்தொன்று.

அது உண்மைதான். எனக்கும் தெரியும், சொல்ல மறந்திருந்தேன். நான் சொன்னதை ஒருவர் படித்திருக்கிறார், அதற்கு மேல் ஒன்று சொல்லியிருக்கிறார் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. மறுநாள் கெலமங்கலம் பக்கத்து போர்களைச் சொன்னேன். அவர் பேரிகைப் பக்கத்தைச் சேர்த்தார். ஒரு போரைப் பற்றி "சிஹி தண்ணி" என்று எழுதியிருந்தார். கன்னடத்தில் நல்ல தண்ணீரை இனிப்பு என்றுதான் சொல்வார்கள். எங்கள் எல்லைக்காரர்தான் என்று தெரிந்துகொண்டேன். ஆணா பெண்ணா தெரியாது. வயது தெரியாது. அவரும் ஒரு கேட்டில், ஒரு வாளியோடு நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்: "பச்ச லாரிய காலைல நீங்க திருப்புனீங்களா? பத்து மணிக்கு எங்ககிட்ட வந்து நல்ல தண்ணின்னாரு. உங்க பக்கத்தப் பாத்துட்டு நாங்களும் திருப்பிட்டோம்."

பின் கேட்டில் தனியாக நின்று சிரித்தேன். அடுத்த வாரம் பச்சை லாரி டிரைவர் என்னிடமே வந்து கேட்டார். "ஏன் பெரியவரே, நீ இங்க தும்முனா அத்திப்பள்ளில கேக்குதா?"

"கேக்கும்யா. இனிமே நல்ல தண்ணியா கொண்டா."

காலையில் டூட்டிக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன்பே டேப்பைத்தான் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள், "என்னப்பா, கொரல் நல்லா இருக்குது?" நான் காரணம் சொல்லவில்லை. தண்ணீர் லாரியைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்றால் என்னவென்று நினைப்பாள்.

மழைக்காலம் முடியும் நேரம். ஒரு காலை அந்தப் பக்கத்தின் உச்சியில், எல்லா வரிக்கும் மேலே, நாற்பத்தொன்று புதிதாக ஒன்றை எழுதியிருந்தார்.

"மொத வாளியப் பாக்காதீங்க. பைப்புல நிக்கறது முந்தின லோடு தண்ணி. ரெண்டு வாளி கீழ விட்டுட்டு மூணாவது வாளியப் பாருங்க."

எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். காது சூடாகிவிட்டது.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். ராயக்கோட்டையிலிருந்து ஒரு டிரைவர் வருவார், சொந்த லாரி. அதற்குச் சில வருஷம் முன்பு ஒரே வாரத்தில் அவரை மூன்று முறை திருப்பினேன். மூன்றாவது முறை அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "மொதத் தண்ணி என்னுது இல்லீங்க பெரியவரே. நேத்து வேற எடத்துக்கு உப்புத் தண்ணி ஓட்டுனேன், அது பைப்புல நிக்குது. இன்னொரு வாளி புடிச்சிப் பாருங்க."

"வாளிக்கு வாளி தண்ணி மாறுமாய்யா? எனக்கே கத சொல்றியா? எடு வண்டிய," என்றேன்.

பிறகு அவர் வரவில்லை. லாரியை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எதனால் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாவது வாளிதான் சரி என்றால் அந்த மனிதர் சொன்னது உண்மை. அவர் ஒருவர் மட்டுமா? பதினேழு வருஷம் நான் திருப்பிய லாரிகள் எத்தனை? இது ஒன்று. இன்னொன்று, என் நாக்கு போய்விட்டது யாருக்கோ தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்கு வாளி பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று தோன்றியது. அத்திப்பள்ளியில் இருப்பவருக்கு என் நாக்கைப் பற்றி எப்படித் தெரியும்? கோபத்தில் அது தோன்றவில்லை.

அந்த வரியை அழித்தேன். ஏன் அழிக்கிறீர்கள் என்று டேப் கேட்டது. "தேவையில்லை" என்றேன்.

ஒரு வாரம் எதுவும் வரவில்லை. பிறகு அதே இடத்தில் மறுபடியும்: "நீங்க பெரியவங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. ஒரு வாட்டி மட்டும் மூணாவது வாளி புடிச்சிப் பாருங்க."

அதையும் அழித்தேன். "தேவையில்லை."

அன்று மதியம் சார் பின் கேட்டுக்கு வந்தார். "பெரியவரே, ஒரே விஷயம் ரெண்டு வாட்டி அழிஞ்சிருக்கு. நீங்க சரியா, அவங்க சரியா?"

ஒரு வாளி பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். லாரி ஒன்று கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் சொன்னது இதுதான்: "பதினேழு வருசமா பாக்குறேன் சார்."

"அது போதும். பக்கத்தப் பூட்டிர்றேன், இனிமே யாரும் கை வைக்க முடியாது. அங்கயும் சொல்லி வெக்கறேன்."

நன்றி சொன்னேன். பூட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு நாற்பத்தொன்று எழுதவில்லை. எழுத வழியும் இல்லை. காலையில் டேப்பைத் திறந்தால் முந்தின நாள் இருந்ததேதான் இருக்கும். என் வரிகளும் அவர் வரிகளும் கலந்து அப்படியே நிற்கும். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. கொஞ்ச நாள் கழித்து டேப்பைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். அதன் உறை மேல் சிலந்தி வலை கட்டியது. ஞாயிற்றுக்கிழமை மகள் "கொரல் ஏன்பா இப்பிடி இருக்குது?" என்று கேட்டாள். சளி என்றேன்.

தை மாதத்தில் கன்னடக்கார டிரைவர் ஒருவர் வந்தார். முதல் வாளியில் மீட்டர் எழுநூறு காட்டியது. திருப்பச் சொன்னேன். அவர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அஜ்ஜா, அது நேத்துத் தண்ணி. அத்திப்பள்ளில ரெண்டு வாளி கீழ கொட்டிட்டுத்தான் பாப்பாங்க. நீ மட்டும் ஏன் அஜ்ஜா பழசையே புடிச்சிக்கினு நிக்கிற?"

அவரைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் இரண்டு வாளி கீழே விட்டேன். மூன்றாவதைப் பிடித்து மீட்டரை முக்கினேன். முந்நூற்றுப் பத்து. உதறிவிட்டு மறுபடியும் முக்கினேன். அதே எண். நாக்கில் வைத்தேன். மரத்துப்போன நாக்குக்கே இனித்தது.

"எறக்கட்டா அஜ்ஜா?"

"எறக்குப்பா," என்றேன்.

அந்த வாரம் முழுக்க எல்லா லாரியிலும் முதல் வாளியும் மூன்றாவது வாளியும் பிடித்துப் பார்த்தேன். முந்தின நாள் வேறு தண்ணீர் ஓட்டிய லாரியில் எல்லாம் எண் மாறியது. சிலதில் முதல் வாளி நன்றாக இருந்து மூன்றாவது உப்பாக இருந்தது. அப்படிப்பட்ட லாரிகளை எத்தனை வருஷமாக உள்ளே விட்டிருக்கிறேன் தெரியவில்லை. வெள்ளைத் திட்டு விழுந்தபோதெல்லாம் முலாம் லைன்காரர்கள்தான் திட்டு வாங்கினார்கள். உப்புமாக்காரர் உட்பட.

அந்த வரியைத் திரும்ப எழுத டேப்பைத் திறந்தேன். மைக்கை அமுக்கினால் அமுங்கவில்லை. சாரைத் தேடிப் போனேன். அவர் போன மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த சார், "அடுத்த வாரம் பாக்கலாங்க பெரியவரே," என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்குள் எனக்கு வேலை முடிகிற நாள் வந்துவிட்டது.

கடைசி நாள் ஆபீசில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட மேடத்திடம் கேட்டேன். "அந்த நோட்டுல ஒரே ஒரு வரி எழுதணும்மா."

"உங்க நம்பர் மத்தியானமே க்ளோஸ் ஆயிடுச்சே தாத்தா."

"நான் ஒண்ண அழிச்சிட்டேம்மா. அது வேற ஒருத்தரு எழுதுனது. சரியா எழுதுனது."

என் முகம் எப்படி இருந்ததோ, அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "அதுல அழிச்சது எதுவும் போகாது தாத்தா. பழசெல்லாம் உள்ளயே இருக்கும். இதுவா பாருங்க."

இருந்தது. மூணாவது வாளியப் பாருங்க. அதன் கீழே நாற்பத்தொன்று. அதற்கும் கீழே என் நம்பர், தேவையில்லை. இன்னும் கீழே, நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல. மறுபடியும் என் நம்பர், தேவையில்லை. தேதியோடு, மணியோடு இருந்தது.

"இத மேல கொண்டாந்து வெச்சிரும்மா."

"எனக்கு அந்தப் பக்கத்துல கை வைக்க உரிமை இல்ல தாத்தா. பிளான்ட்டுக்காரங்கதான் பண்ணணும். அங்க சார்கிட்ட சொல்லிப் பூட்டத் தொறந்து, ஒரு தட்டுத் தட்டுனா போதும்."

"நாப்பத்தொண்ணு யாரும்மா?"

"அது சொல்லக்கூடாது." பிறகு கொஞ்சம் யோசித்து, "இன்னும் வேலைலதான் இருக்காங்க," என்றார்.

மறு வாரம் பஸ் ஏறி அத்திப்பள்ளிக்குப் போனேன். பதினேழு வருஷம் ஒரே கம்பெனி. அந்த பிளான்ட்டை நான் பார்த்ததே இல்லை. அத்திப்பள்ளியில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். செக்யூரிட்டியிடம் நாற்பத்தொன்றாம் நம்பரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஹெசரு ஹேளி அஜ்ஜா. பேரு சொல்லாம யாரக் கூப்பிடறது? இங்க நானூறு பேரு இருக்காங்கோ."

"தண்ணி கேட்டுல நிக்கறவரு."

"உள்ள இருக்கறவங்கள டூட்டி நேரத்துல கூப்பிட முடியாது. லெட்டர் எழுதிக் குடுங்க."

எழுத முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எதிரில் டீக்கடையில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஷிப்டு விட்டார்கள். எல்லாரும் ஒரே நிற யூனிபார்ம், கழுத்தில் அட்டை. என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நானும் அவருக்கு ஒரு நம்பர்தான், அவர் என்னைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

கூட்டம் போன பிறகு காம்பவுண்டைச் சுற்றி நடந்து பின்பக்கம் போனேன். லாரி வரும் கேட் சாத்தியிருந்தது. கம்பி இடுக்கில் பார்த்தேன். ஆள் இல்லை. தண்ணீர் தொட்டி, கவிழ்த்து வைத்த ஒரு வாளி. அந்த இடம் முழுக்கக் காய்ந்த செம்மண். லாரியின் பைப் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் முளைத்துப் பச்சையாக இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு வாளி. எத்தனை வருஷமாக அங்கே ஊற்றுகிறார்களோ. என் பின் கேட்டில் ஒரு புல் கிடையாது.

திரும்பி நடந்து பஸ் ஏறினேன்.

இப்போது என் இடத்தில் நிற்பவர் நான் விலகிய பிறகு வந்தவர், அட்டை இல்லாத என்னை அவரிடம் விடமாட்டார்கள். அவருக்குப் பூட்டிய அந்தப் பக்கம்தான் பாடம். அதில் மூன்றாவது வாளி இல்லை. அவரும் முதல் வாளியைப் பார்த்துத்தான் லாரியைத் திருப்பிக்கொண்டிருப்பார். ராயக்கோட்டைக்காரர் மாதிரி இன்னொருவர் அங்கே கையைக் கூப்பிக்கொண்டு நிற்பார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். ஷிப்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தண்ணீர் கேட்டைப் பார்த்துக்கொள்கிறவர் யாராவது உட்காரக்கூடும். நம்பர் நாற்பத்தொன்றில் முடிகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சொல்லுங்கள்: ஓசூர் பின் கேட்டுக் கிழவன் மூன்றாவது வாளியைப் பிடித்துப் பார்த்துவிட்டான். நீங்கள் எழுதியதுதான் சரி. அது அழியவில்லை, உள்ளேயே இருக்கிறது. பூட்டைத் திறக்கச் சொல்லி அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுங்கள். அவரிடம் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.